அசிட்டிலீன் கணக்கில் குறி மாறிப்போனது எங்கே? ஹெஸ் விதி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கிராஃபைட், ஹைட்ரஜன், அசிட்டிலீன் மூன்றின் எரிதல் என்தால்பியையும் (1 மோல் முழுதாக எரியும்போது வரும் வெப்ப மாற்றம்) கொடுத்து, அசிட்டிலீனின் உருவாதல் என்தால்பியை (தனிமங்களிலிருந்து 1 மோல் உருவாகும்போது வரும் வெப்ப மாற்றம்) கேட்கும் கணக்கு. மைனஸ் என்றால் வெப்பம் வெளியே வருகிறது, பிளஸ் என்றால் உள்ளே போகிறது. உங்களுக்கு −226.8 கிலோஜூல் வந்திருக்கிறது. விடைக்குறிப்பில் +226.8 இருக்கிறது. எண் சரியாக வந்து குறி மட்டும் மாறியிருப்பதால் அச்சுப்பிழையாக இருக்குமோ என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: கார்பனும் ஹைட்ரஜனும் நேரடியாகச் சேர்ந்து அசிட்டிலீன் ஆவதே இல்லை என்கிறார்கள், நடக்காத வினைக்கு மூன்று சமன்பாடுகளைக் கூட்டிக் கழித்து ஓர் எண்ணைச் சொன்னால் அதை எப்படி நம்புவது?

அச்சுப்பிழை இல்லை, விடைக்குறிப்பு சரி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். அது தெளிந்துவிட்டால் குறி ஏன் மாறியது என்பது தானாகவே தெரியும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் வேதியியல் எடுத்தவன், ஆராய்ச்சியாளன் அல்ல. தெர்மோகோல் கப்பும் தெர்மாமீட்டரும் வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு மேல் நானாக வெப்பம் அளந்ததில்லை. ஆகவே கீழே வரும் எண்களில் கப்பில் அளந்தவை தவிர மற்றதெல்லாம் அட்டவணை மதிப்புகள். எல்லாம் 25 டிகிரி செல்சியஸுக்கும் 1 பார் அழுத்தத்துக்கும் உரியவை.

ஹெஸ் விதியை விளக்க எல்லோரும் மலை ஏறும் உதாரணம் சொல்வார்கள். எந்தப் பாதையில் ஏறினாலும் உச்சியின் உயரம் ஒன்றுதான், அதுபோல எந்த வழியில் வினை நடந்தாலும் மொத்த வெப்பம் ஒன்றுதான் என்று. நானும் பல வருடம் அதைத்தான் சொன்னேன். அப்புறம் விட்டுவிட்டேன். மலையின் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பிள்ளைகள் உடனே தலையாட்டிவிடுவார்கள். ஒரு பொருளுக்கும் அப்படி ஓர் ‘உயரம்’ இருக்கிறது என்பதைத்தானே முதலில் காட்ட வேண்டும்? அதைக் காட்டாமல் உதாரணத்தை மட்டும் சொன்னால், உங்களைப் போல யோசிப்பவருக்குச் சந்தேகம் மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

இப்படிப் பாருங்கள். ஒரு பக்கம் 2 மோல் கிராஃபைட்டும் 1 மோல் ஹைட்ரஜனும், அவற்றை எரிக்கத் தேவையான ஆக்சிஜனும். இன்னொரு பக்கம் 2 மோல் கார்பன் டை ஆக்சைடும் 1 மோல் தண்ணீரும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ‘அ’, ‘ஆ’ என இரண்டு வழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘அ’ வழியில் 1072.8 கிலோஜூல் வெளிவருகிறது, ‘ஆ’ வழியில் 1050தான் வருகிறது என்று யாராவது சொன்னால் என்ன ஆகும்? ‘அ’ வழியாகப் போய் 1072.8ஐ வாங்கிக்கொள்ளலாம். 1050ஐத் திருப்பிக் கொடுத்து ‘ஆ’ வழியாகப் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். கிராஃபைட் இருந்தபடி இருக்கிறது, ஹைட்ரஜன் இருந்தபடி இருக்கிறது, கையில் மட்டும் 22.8 கிலோஜூல் மிச்சம். இதையே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தால் வீட்டுக்குக் கரண்ட் பில்லே வராது. அப்படி ஒரு சுற்று இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை, ஆற்றலை உண்டாக்கவோ அழிக்கவோ முடியாது என்னும் வெப்ப இயக்கவியலின் முதல் விதி இருக்கும்வரை கிடைக்கவும் கிடைக்காது. இரண்டு வழிகளும் ஒரே எண்ணைத் தந்தே ஆக வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். என்தால்பியை நிலைச் சார்பு என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்: பொருள் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது, எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்ததில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெப்பம் என்பது பொதுவாக வழியைப் பொறுத்த விஷயம்தான். அழுத்தத்தை மாறாமல் வைத்து, பிஸ்டன் தள்ளுவது போன்ற வேலையைத் தவிர வேறு வேலை எதுவும் வாங்காமல் இருக்கும்போது மட்டும்தான் அளந்த வெப்பமும் என்தால்பி மாற்றமும் ஒன்றாகின்றன. பொருளை மூடிய கெட்டியான கலனுக்குள் எரித்துச் சூட்டை அளக்கும் பாம் கலோரிமீட்டரில் மாறாமல் இருப்பது கன அளவு, அழுத்தம் அல்ல. அதனால் அதில் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுத்துவிட முடியாது, வாயு மோல்கள் எத்தனை கூடின அல்லது குறைந்தன என்று பார்த்துத் திருத்த வேண்டும். 1 மோல் அசிட்டிலீன் எரியும்போது மூன்றரை மோல் வாயு இரண்டு மோல் ஆகிறது, தண்ணீர் திரவமாகிவிடுவதால் அது கணக்கில் வராது. ஒன்றரை மோல் குறைவதற்கு 3.7 கிலோஜூல் திருத்தம். பாமில் 1295.9 வெளிவந்தால் மாறா அழுத்தத்தில் 1299.6 என்று அர்த்தம். உங்கள் கணக்கில் இதைச் செய்துதான் கொடுத்திருப்பார்கள்.

ஹெஸ் இந்த விதியைச் சொன்னபோது முதல் விதி என்ற ஒன்றே கிடையாது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த சங்கதி. ஜெர்மைன் ஆன்ரி ஹெஸ் 1802இல் ஜெனீவாவில் பிறந்து, சிறு வயதிலேயே ரஷ்யாவுக்குப் போய், மருத்துவம் படித்து, கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியலாளராக இருந்தவர். கந்தக அமிலத்தில் தண்ணீரை வெவ்வேறு அளவில் கலந்தார், கலக்கும்போது வரும் சூட்டை அளந்தார். பிறகு அதை அம்மோனியாவால் நடுநிலையாக்கி அப்போது வரும் சூட்டையும் அளந்தார். அதிகமாக நீர்த்த அமிலத்துக்கு முதல் படியில் கூடுதல் சூடு, இரண்டாவது படியில் குறைவு. கொஞ்சமாக நீர்த்ததற்கு அப்படியே தலைகீழ். இரண்டையும் கூட்டினால் மொத்தம் மாறவில்லை. 1840இல் இதை வெளியிட்டார். முதல் விதிக்கு அடித்தளம் போட்ட மேயரின் கட்டுரை வந்தது 1842இல், ஜூலின் முக்கியமான அளவீடுகளும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கட்டுரையும் அதற்கும் பிறகு. ஆக, நாம் இன்று முதல் விதியிலிருந்து இரண்டே வரியில் வருவிப்பதை அவர் கப்பும் தெர்மாமீட்டரும் வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

சரி, ‘நடக்காத வினை’ விஷயத்துக்கு வருவோம். பாடத்தில் வழக்கமாகக் கார்பன் மோனாக்சைடைச் சொல்வார்கள். கிராஃபைட்டை அளவான ஆக்சிஜனில் எரித்தால் மோனாக்சைடு மட்டும் வராது, டை ஆக்சைடும் கூட வரும், எரியாத கார்பனும் மிஞ்சும். அதனால் நேரடியாக அளக்க முடியாது என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் அளக்கவும் செய்யலாம் என்று தோன்றும்: கலவையாகவே எரித்து மொத்தச் சூட்டை அளந்து, வந்த வாயுவில் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்த்து, அதற்குரிய சூட்டைக் கழித்துவிட்டால் போயிற்று. ஆனால் அந்தக் கழித்தலே ஹெஸ் விதிதான்! அதை விட்டுத் தப்பிக்க வழியில்லை. அதைவிடச் சுத்தமான வழி, கிராஃபைட்டை முழுதாக டை ஆக்சைடாக எரிப்பது (−393.5), மோனாக்சைடையும் முழுதாக டை ஆக்சைடாக எரிப்பது (−283.0), முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது. −110.5. இரண்டும் முழுதாக, கலப்பில்லாமல் எரியும் வினைகள். கஷ்டமான ஒரு வினையை இரண்டு சுலபமான வினைகளின் வித்தியாசமாக மாற்றிவிட்டோம்.

அசிட்டிலீன் இன்னும் நல்ல உதாரணம். அதைக் கார்பனிலிருந்தும் ஹைட்ரஜனிலிருந்தும் நேரடியாகச் செய்யவே முடியாது என்பது முழு உண்மை இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ 1862இல் கார்பன் மின்முனைகளுக்கு இடையே மின்வில்லை உண்டாக்கி, அதில் ஹைட்ரஜனைச் செலுத்தி அசிட்டிலீன் செய்து காட்டினார். ஆனால் மின்வில்லின் சூட்டுக்கு நடுவே 227 கிலோஜூலை அளக்கப் பார்ப்பது திருவிழாக் கூட்டத்தில் கொலுசுச் சத்தம் தேடுவது மாதிரி. அதே அசிட்டிலீனை ஆக்சிஜனில் எரிப்பதோ சர்வ சாதாரணம், கேஸ் வெல்டிங் கடையில் தினமும் நடக்கிறது. எரித்து அளக்கலாம், எரிந்து என்ன ஆகிறது என்பதிலும் குழப்பம் கிடையாது.

இப்போது உங்கள் கணக்கு. கொடுத்திருப்பவை: கிராஃபைட் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு, −393.5. ஹைட்ரஜன் + ½ ஆக்சிஜன் → தண்ணீர் (திரவம்), −285.8. அசிட்டிலீன் + 2½ ஆக்சிஜன் → 2 கார்பன் டை ஆக்சைடு + தண்ணீர் (திரவம்), −1299.6. வேண்டியது: 2 கிராஃபைட் + ஹைட்ரஜன் → அசிட்டிலீன். எதைத் திருப்புவது, எதைப் பெருக்குவது என்று முழிக்க வேண்டியதில்லை. வேண்டிய சமன்பாட்டை முதலில் எழுதி, அதில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எடுத்து, கொடுத்த சமன்பாடுகளில் அது எங்கே ஒரே ஒரு முறை வருகிறது என்று தேடுங்கள். அசிட்டிலீன் மூன்றாவதில் மட்டும்தான் இருக்கிறது. நமக்கு அது வலப்பக்கம் வேண்டும், அங்கே இடப்பக்கம் இருக்கிறது, ஆகவே மூன்றாவதைத் திருப்ப வேண்டும்: +1299.6. கிராஃபைட் முதலாவதில் மட்டும், சரியான பக்கத்தில் இருக்கிறது, ஆனால் 2 மோல் வேண்டும்: −787.0. ஹைட்ரஜன் இரண்டாவதில் மட்டும், அப்படியே எடுக்கலாம்: −285.8. ஆக்சிஜன் மூன்றிலும் வருகிறது, அதைத் தொடவே தொடாதீர்கள். மற்றதெல்லாம் சரியாகச் செய்திருந்தால் அது தானாக அடிபட்டுப்போகும். இடப்பக்கம் 2 + ½ = 2½, திருப்பிய மூன்றாவதில் வலப்பக்கம் 2½. அடிபட்டது. டை ஆக்சைடும் தண்ணீரும் அப்படியே. அடிபடாமல் ஏதாவது மிஞ்சினால் அதுதான் எச்சரிக்கை மணி, கூட்டலைத் தொடராமல் அங்கேயே நின்று தவறைத் தேடுங்கள். கூட்டினால் −787.0 − 285.8 + 1299.6 = +226.8.

உங்களுக்கு மைனஸ் வந்தது எப்படி என்று நான் ஊகிக்கிறேன். நீங்கள் சமன்பாடுகளைக் கூட்டவில்லை, ‘விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள்’ என்ற சூத்திரத்தில் எண்களைப் போட்டிருக்கிறீர்கள். −1299.6லிருந்து −1072.8ஐக் கழித்தால் −226.8. இருபது வருடத்தில் நான் திருத்திய விடைத்தாள்களில் இந்தத் தவறு எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ணவே முடியாது. அந்தச் சூத்திரம் உருவாதல் என்தால்பிக்கு உரியது. எரிதல் என்தால்பி கொடுத்திருந்தால் அது தலைகீழாகும், வினைபடுபொருள் கழித்தல் விளைபொருள். இதை இரண்டு சூத்திரமாக மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் நிச்சயம் மாறிப்போகும். ஏன் தலைகீழ் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். உருவாதல் அட்டவணையில் எல்லாப் பொருளும் தனிமங்களிலிருந்து புறப்பட்டு வருகின்றன. வினைபடுபொருளிலிருந்து விளைபொருளுக்குப் போக, முதலில் வினைபடுபொருளைத் தனிமங்களாகப் பிரிக்கிறோம் (திருப்புவதால் குறி மாறும்), பிறகு தனிமங்களிலிருந்து விளைபொருளைக் கட்டுகிறோம் (குறி மாறாது). எரிதல் அட்டவணையில் எல்லாப் பொருளும் ஒரே ‘சாம்பலை’, அதாவது கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும், நோக்கிப் போகின்றன. இப்போது முதலில் வினைபடுபொருளை எரிக்கிறோம் (குறி மாறாது), பிறகு அந்தச் சாம்பலிலிருந்து விளைபொருளை ‘எரிப்பதற்கு முந்தைய நிலைக்கு’ மீட்கிறோம் (குறி மாறும்). நடுவில் இறங்கி ஏறும் நிலையம் வேறு, அவ்வளவுதான். எந்த நிலையம் என்று தெரியாமல் சூத்திரத்தைப் போட்டதுதான் உங்கள் மைனஸ்.

விடை வந்ததும் குறியை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் நல்லது. +226.8 என்றால் கார்பன், ஹைட்ரஜன் இரண்டையும்விட அசிட்டிலீன் மேலே உட்கார்ந்திருக்கிறது, பிரிந்து கீழே விழுந்தால் ஆக்சிஜன் இல்லாமலேயே அத்தனை வெப்பமும் வெளியே வரும். அழுத்தத்தில் அசிட்டிலீன் தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடியது என்பது வெல்டிங் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த சிலிண்டர் மற்ற வாயு சிலிண்டர்களைப் போல வெறும் கூடாக இருப்பதில்லை. உள்ளே நுண்துளைகள் நிறைந்த பொருளை அடைத்து, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அசிட்டோனில் கரைந்த நிலையில்தான் அசிட்டிலீனை வைக்கிறார்கள். −226.8 வரும் பொருளாக இருந்தால் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்காது.

கூட்டல் கழித்தலை விட அதிகம் மார்க் போகிற இடம் ஒன்று இருக்கிறது: பொருளின் நிலை. மேலே ‘தண்ணீர் (திரவம்)’ என்று ஒவ்வொரு முறையும் அடைப்புக்குள் எழுதியது அதனால்தான். ஹைட்ரஜன் எரிந்து திரவத் தண்ணீர் ஆனால் −285.8, நீராவி ஆனால் −241.8. நடுவில் 44.0 கிலோஜூல். நீங்கள் இரண்டாவது சமன்பாட்டுக்கு நீராவி மதிப்பையும், மூன்றாவதுக்குத் திரவ மதிப்பையும் எடுத்திருந்தால் +270.8 என்று வந்திருக்கும். தண்ணீர் ‘அடிபட்டுப்போனது’ போலவே தோன்றும், ஆனால் நீராவியைத் திரவத்தோடு அடித்திருக்கிறீர்கள். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன, கண் ஏமாந்துவிடும். ஒருமுறை ஒரு மாதிரி வினாத்தாளின் விடைக்குறிப்பிலேயே இந்தத் தவறு இருந்தது. சரியாகச் செய்த பிள்ளைகள் தங்கள் விடையை அடித்துவிட்டுத் தப்பான விடைக்கு மாறினார்கள், பார்த்துக்கொண்டிருக்கக் கஷ்டமாக இருந்தது. கார்பனுக்கும் இதே கதை: உருவாதல் என்தால்பி சுழியம் என்று எடுப்பது கிராஃபைட்டுக்கு, வைரத்துக்கு அல்ல.

வைரத்தைச் சொன்னதால், எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதையும் இங்கேயே சொல்கிறேன். வைரத்தை எரித்தால் −395.4, கிராஃபைட்டை எரித்தால் −393.5. ஆக, கிராஃபைட் வைரமாக +1.9 கிலோஜூல். விதியில் சந்தேகமே இல்லை. ஆனால் விடை மிகச் சிறியது, இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். எரிதல் அளவீட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால்கூட 0.4 கிலோஜூல், அதாவது விடையில் ஐந்தில் ஒரு பங்கு. அரை சதவீதம் பிழை இருந்தால் எது மேலே, எது கீழே என்றே சொல்ல முடியாது. அசிட்டிலீனில் அதே ஆயிரத்தில் ஒரு பங்கு 1.3 கிலோஜூல்தான், 226.8க்கு முன்னால் அது பெரிய விஷயமில்லை. ஹெஸ் விதி பிழையை உண்டாக்குவதில்லை, இருக்கிற பிழையை மறைப்பதும் இல்லை. கொடுத்த எண்களின் பிழைகள் எல்லாம் விடைக்கு வந்து சேரும், 2ஆல் பெருக்கினால் பிழையும் 2 மடங்கு. புத்தகத்துக்குப் புத்தகம் கடைசி இலக்கம் 0.1, 0.2 வித்தியாசப்படுவதைப் பார்த்து, எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் நீங்களே கையால் தொட்டுப் பார்க்க ஒரு சோதனை உண்டு, ஆசிரியர் கூட இருக்கும்போது செய்யுங்கள். மக்னீசியம் ஆக்சைடின் உருவாதல் என்தால்பி. மக்னீசியம் நாடாவைக் காற்றில் எரித்தால் கண் கூசும், வெள்ளைப் புகை கிளம்பிப் போய்விடும், அந்தச் சூட்டைக் கப்பில் பிடிக்க முடியாது. பதிலாக, இரண்டையும் தனித்தனியாக அமிலத்தில் போடுகிறோம். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட இரண்டு தெர்மோகோல் கப்பில். ஒரு முறை 0.48 கிராம் மக்னீசியம், இன்னொரு முறை புது அமிலத்தில் 0.8 கிராம் மக்னீசியம் ஆக்சைடு. இரண்டுமே ஏறக்குறைய 0.02 மோல். முதலாவதில் ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே பக்கத்தில் நெருப்பு கூடாது. அட்டவணைப்படி அமிலத்தோடு சேரும்போது மோலுக்கு மக்னீசியத்துக்கு −467 கிலோஜூல், ஆக்சைடுக்கு −151. 100 மில்லியைச் சுத்தத் தண்ணீர் போலப் பாவித்து 1 டிகிரிக்கு 418 ஜூல் என்று கணக்கிட்டால், வெப்பநிலை முதலாவதில் 22 டிகிரி போல ஏற வேண்டும், இரண்டாவதில் 7 டிகிரி போல. ஆக்சைடு சமன்பாட்டைத் திருப்பி, மக்னீசியத்தோடு கூட்டி, ஹைட்ரஜன் தண்ணீராகும் −285.8ஐ அட்டவணையிலிருந்து சேர்த்தால், −467 + 151 − 285.8. −601.6க்கு மிக அருகில் வந்துவிடும். அமிலமும் மக்னீசியம் குளோரைடும் ஹைட்ரஜனும் அடிபட்டுப்போகும்.

அட்டவணை எண்ணை வைத்தால் அப்படி வரும். கப்பில் வருவது வேறு. ஒரு வருடம் ஒரு குழுவுக்கு மக்னீசியத்தில் 21.2 டிகிரியும் ஆக்சைடில் 5.5 டிகிரியும் வந்தது. மோலுக்கு −443, −115. மேலே செய்தது போலவே கூட்டினால் −614. இரண்டு சதவீதம்தான் வித்தியாசம் என்று பிள்ளைகள் ஒரே குஷி. எனக்குத்தான் 5.5 உறுத்தியது. ஏழுக்கு மேல் வர வேண்டியது ஏன் குறைந்தது? கப்பில் சூடு வீணாகிறது என்றால் மக்னீசியத்திலும் கால் பங்கு போயிருக்க வேண்டுமே, அங்கே ஐந்து சதவீதம்தான் குறைவு. ஆக்சைடு டப்பாவைப் பார்த்தால் மூடி சரியாக மூடாமல் பல மாதமாக அலமாரியில் கிடந்தது. அந்தப் பொடி ஈரக்காற்றைக் குடித்து ஹைட்ராக்சைடாகவும், கொஞ்சம் கார்பனேட்டாகவும் மாறிக்கொண்டே இருக்கும். ஹைட்ராக்சைடு அமிலத்தில் மோலுக்கு −114தான் தரும், எடையும் அதிகம், ஆகவே 0.8 கிராமில் மோலும் குறைவு. என்ன நடந்தது என்றால், மக்னீசியத்தில் வீணான சூடு விடையை மேலே தள்ளியது, கெட்டுப்போன ஆக்சைடு கீழே தள்ளியது, இரண்டு தவறும் ஒன்றையொன்று பாதி சாப்பிட்டுவிட்டன. விடை நன்றாக வந்தது என்பதற்காகப் படிகள் நன்றாக இருந்தன என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகு ஆக்சைடைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு நன்றாகச் சுட்டு, மூடி வைத்து ஆறிய பிறகே எடை போடச் சொல்வேன், நாடாவையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த பிறகே.

பிணைப்பு என்தால்பி வைத்துச் செய்யும் கணக்குகளையும் ஹெஸ் விதி என்றே சொல்லிக்கொடுப்பார்கள். வடிவம் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த விடையை அதே அளவுக்கு நம்பாதீர்கள். அசிட்டிலீனையே எடுத்துக்கொள்வோம். 2 மோல் கிராஃபைட்டைத் தனி அணுக்களாக்க 2 × 716.7, ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436, பிறகு ஒரு கார்பன்–கார்பன் முப்பிணைப்பும் (839) இரண்டு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பும் (413 வீதம்) உண்டாகின்றன. 1433.4 + 436 − 1665 = +204.4. சரியான விடையிலிருந்து 22 கிலோஜூல் தள்ளி. விதி தப்பவில்லை, 413 போன்றவை பலவகைச் சேர்மங்களின் சராசரி, அசிட்டிலீனில் இருக்கும் பிணைப்புகளுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. எரிதல் தரவு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பிணைப்புக் கணக்கு வேறு வழியில்லாதபோது போடும் உத்தேச மதிப்பீடு.

‘நடக்காத வினை’ பற்றி ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஹெஸ் விதி எவ்வளவு வெப்பம் என்று மட்டும்தான் சொல்லும். வினை நடக்குமா என்று சொல்லாது, எவ்வளவு வேகத்தில் என்றும் சொல்லாது. மேலே பார்த்த 1.9 கிலோஜூலைத் திருப்பினால் வைரம் கிராஃபைட் ஆவது வெப்பத்தை உமிழும் வினைதான், ஆனாலும் யாருடைய மோதிரமும் பென்சில் முனையாக மாறியதில்லை. நடக்குமா என்று கேட்டால் என்ட்ரோப்பியையும் (ஆற்றல் எவ்வளவு சிதறிப் பரவுகிறது என்பதன் அளவு) சேர்த்துப் பார்க்க வேண்டும், வேகத்துக்குக் கிளர்வு ஆற்றலை (வினை தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) பார்க்க வேண்டும். அதேபோல இந்த எண்கள் 25 டிகிரிக்கானவை. உலையிலோ வெல்டிங் சுவாலையிலோ என்ன மதிப்பு என்று வேண்டுமானால் பொருட்களின் வெப்ப ஏற்புத்திறனை வைத்து கிர்ச்சாஃப் சமன்பாட்டின்படி திருத்த வேண்டும். அது உங்கள் கணக்குக்குத் தேவையில்லை.

கையோடு ஒன்று செய்து பாருங்கள். பென்சீனின் எரிதல் என்தால்பி −3267.6, 6 கார்பன் டை ஆக்சைடும் 3 தண்ணீரும் (திரவம்) வருகின்றன. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் மேலே இருக்கும் அதே எண்கள். சூத்திரம் எதையும் போடாமல், சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, திருப்பி, பெருக்கி, அடித்துவிட்டு உருவாதல் என்தால்பியைக் கண்டுபிடியுங்கள். +49.2 வர வேண்டும். −49.2 வந்தால் மறுபடியும் நிலையம் மாறி இறங்கிவிட்டீர்கள். வேறு ஏதாவது எண் வந்தால் நீங்கள் எழுதிய வரிகளை அப்படியே இங்கே போடுங்கள், எந்த வரியில் என்று பார்க்கலாம்.